ஒப்புதல் பெற்ற நிரலும் உயிருள்ள நிரலும்



ஓப்பன்எஸ்எஸ்எல் என்றொரு மென்பொருள் இருக்கிறது. வங்கிப் பக்கத்தைத் திறக்கும்போது உலாவியின் முகவரிப் பட்டையில் ஒரு பூட்டுச் சின்னம் தெரிந்ததே, அந்தப் பூட்டுக்குப் பின்னால் உலகெங்கும் மிகப் பல சர்வர்களில் இயங்குவது அதுதான். அதன் மூலநிரலை யார் வேண்டுமானாலும் இணையத்திலிருந்து ஒரே நிமிடத்தில் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் 2012-இல் அதன் ஒரு பகுதிக்கு அமெரிக்க அரசின் புதிய சான்றிதழ் கிடைத்தபோது, கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. சான்று பெற்ற நிரலை நம்பகமான வழியில் பெற்றிருக்க வேண்டும். வெறும் இணையப் பதிவிறக்கம் அந்த வழியாகாது. ஏற்கெனவே சான்று பெற்ற வேறொரு குறியாக்கக் கருவியைக் கொண்டு கோப்பைச் சரிபார்க்கலாம். அது இல்லாதவர்கள் குறுந்தகட்டில் பதிந்து தபாலில் வரவழைக்க வேண்டும். தகட்டில் இருந்த கோப்பும் இணையத்தில் இருந்த கோப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஆனாலும் அந்த மென்பொருளைப் பராமரித்த சிறு குழு, கேட்டவர்களுக்கெல்லாம் தகடுகளை உறையிலிட்டு அனுப்பிக்கொண்டிருந்தது.

அந்த நிபந்தனைக்குப் பின்னால் இருக்கும் அச்சம் நியாயமானது. நிரல் வரும் வழியில் யாராவது கைவைத்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் அது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அந்த அச்சம் உண்மையாகவும் ஆயிற்று. 2024 மார்ச் 29 அன்று, ஆண்ட்ரஸ் ஃப்ராய்ன்ட் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஒரு செய்தியை வெளியிட்டார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, காரணத்தைத் துருவிக்கொண்டு போனவர் அவர். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் கள்ளவழி ஒன்று பொருத்தப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். பொதுவில் எல்லோரும் பார்க்கும் நிரல் களஞ்சியத்தில் அது முழுமையாக இல்லை. அதைச் செயல்படவைக்கும் சில வரிகள் வெளியீட்டுக்கென்று தனியாகக் கட்டிய பொதியில் மட்டுமே இருந்தன. அதைக் கட்டி வெளியிட்டவர் வழிப்பறிக்காரர் அல்லர். ஜியா டான் என்ற பெயரில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்து, நம்பிக்கை பெற்று, இணைப் பராமரிப்பாளராகவே ஆகிவிட்டவர். அனுப்புபவரே கைவைத்தால் தபாலில் வரும் தகடு அதையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கும்.

இந்த இரண்டு செய்திகளுக்கும் நடுவில்தான் என் பேச்சு நிற்கிறது. பாதுகாப்பான வலையமைப்புக்குள் திறமூல மென்பொருளை அனுமதிக்கும்போது நாம் எதைச் சோதிக்கிறோம், எதற்குக் கையெழுத்திடுகிறோம் என்பதே என் கேள்வி.

ராணுவத் தலைமையகங்கள், மின்தொகுப்புக் கட்டுப்பாட்டு மையங்கள், அணு உலைகள் போன்ற இடங்களில் உள்ள கணினிகள் பல, வெளி இணையத்தோடு சேர்க்கப்படுவதே இல்லை. அங்கே ஒரு நிரல் உள்ளே போகும் முறை பெரும்பாலும் இப்படி இருக்கும். இணைய இணைப்புள்ள தனிக் கணினி ஒன்றில் இறக்குவார்கள். வெளியிட்டவர் அறிவித்த ஹேஷ் மதிப்போடு, அதாவது கோப்பின் கைரேகையோடு, ஒப்பிடுவார்கள். எதனோடும் இணைக்காத இன்னொரு கணினியில் வைரஸ் சோதனை நடக்கும். பிறகு ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய வட்டில் பதிவார்கள். பதிவேட்டில் கோப்பின் பெயர், பதிப்பு எண், தேதி ஏறும். கொண்டுவந்தவர் ஒரு கையெழுத்து, அனுமதித்தவர் ஒரு கையெழுத்து. அதன் பிறகே வட்டு கதவைத் தாண்டும். பென்டிரைவைக் கண்டாலே அங்குள்ளவர்கள் ஏன் பதறுகிறார்கள் என்பதற்கு, ஈரானின் நதான்ஸ் அணு நிலையத்துக்குள் இணையமே இல்லாமல் புகுந்து 2010-இல் வெளியே தெரியவந்த ஸ்டக்ஸ்நெட் என்ற கள்ளநிரல் ஒன்றே போதும்.

இத்தனையும் ஒரே ஒரு கோப்புக்கு. இன்றைய நிரல் எதுவும் தனியாக வருவதில்லை, தன் பரிவாரத்தோடு வருகிறது. தரவுகளை வரைபடமாக்கும் சிறிய பைத்தான் நிரலைக் கேட்டால் அது பத்து நூலகங்களைக் கேட்கும், அவை ஒவ்வொன்றும் வேறு சிலவற்றைக் கேட்கும். கையெழுத்திட வேண்டிய அதிகாரி அந்தப் பட்டியலைப் பார்த்துத் திகைத்துப்போகிறார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஏதேனும் நடந்தால் பதிவேட்டில் இருப்பது அவர் பெயர்தான். விலைக்கு வாங்கிய மென்பொருள் என்றால் ஒரு கம்பெனி இருக்கிறது, பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கிறது, கூப்பிட ஓர் எண் இருக்கிறது. திறமூலத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று அவர் கேட்கிறார். அது மிகச் சரியான கேள்வி. கம்பெனி இருப்பதே அதற்குப் பதில் என்று நினைப்பதுதான் தவறு. 2020 டிசம்பரில் வெளிச்சத்துக்கு வந்த சோலார்விண்ட்ஸ் ஊடுருவலில், கள்ளநிரல் அந்த நிறுவனத்தின் சொந்தக் கையொப்பத்தோடு, முறையான அப்டேட்டாகவே ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்களிடம் போய்ச் சேர்ந்தது. அமெரிக்காவின் கருவூலத் துறையும் வணிகத் துறையும் ஊடுருவப்பட்டன.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை இந்தக் கேள்வியோடு மல்லாடிய கதை நன்றாகப் பதிவாகியிருக்கிறது. அங்கே 2003-இல் வந்த ஒரு விதி, உத்தரவாதம் இல்லாத இலவச மென்பொருளின் இயங்குகோப்புகளை வேறு வழியே இல்லாவிட்டால் ஒழியப் பயன்படுத்தக் கூடாது என்றது. மூலநிரல் கிடைக்காத, வெறும் இயங்குகோப்பாக வரும் இலவசச் சரக்குகளை மனத்தில் வைத்து எழுதிய விதி அது. பல அலுவலகங்கள் இலவசம் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு திறமூலத்துக்கும் கதவை அடைத்தன. அதே 2003-இல் மைட்டர் நிறுவனம் அந்தத் துறைக்காக ஓர் ஆய்வு செய்தது. 115 திறமூல மென்பொருள்கள் 251 இடங்களில் ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பதை அது பட்டியலிட்டது. தடை விதித்தால் பாதுகாப்புப் பணிகளே பலமாக அடிபடும் என்றும் சொன்னது. அதாவது அனுமதிக்கலாமா என்று மேசையில் விவாதம் நடந்துகொண்டிருந்தபோதே கட்டடத்தின் அடித்தளத்தில் அது ஓடிக்கொண்டிருந்தது.

குழப்பம் தீர மேலும் ஆறு ஆண்டுகள் ஆயின. 2009 அக்டோபரில் அத்துறை அதிகாரி டேவிட் வென்னர்கிரென் கையெழுத்திட்ட விளக்கக் குறிப்பு, அந்தப் பழைய விதி திறமூலத்தைக் கட்டுப்படுத்தாது என்று தெளிவுபடுத்தியது. திறமூல மென்பொருளும் ஏறக்குறைய எல்லா நிலைகளிலும் சட்டப்படி வணிக மென்பொருளே, எனவே கொள்முதலின்போது அதையும் கணக்கில் எடுத்தாக வேண்டும் என்றது. அந்தக் குறிப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. மூலநிரல் கையில் இருப்பதால் புதிய அச்சுறுத்தல் வரும்போது உடனே மாற்ற முடியும் என்பதை ஒரு பலமாக அது எடுத்துச் சொன்னது. மாற்ற முடிவதே இங்கே பாதுகாப்பு. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சான்றிதழ்களின் உலகம் நேர் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தது.

ஃபிப்ஸ் 140-2 என்பது 2001-இல் வந்த அமெரிக்கத் தரநிர்ணயம். அரசின் முக்கியத் தரவுகளைக் காக்கும் எந்தக் குறியாக்கத் தொகுதியும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டு, அமெரிக்காவும் கனடாவும் கூட்டாக நடத்தும் திட்டத்தில் சான்று பெற வேண்டும். சான்று இல்லையென்றால் எவ்வளவு நல்ல நிரலானாலும் அரசு வலையமைப்பில் அதற்கு இடமில்லை. அதுவரை சான்று வாங்கியவை பெரும்பாலும் இறுதி வடிவம் பெற்ற பெட்டிகளும் இயங்குகோப்புகளுமே. ஓப்பன்எஸ்எஸ்எல் ஆர்வலர்கள் மூலநிரலுக்கே சான்று கேட்டார்கள். ஒருமுறை கிடைத்துவிட்டால் எவரும் அதை எடுத்துத் தம் கணினியில் கட்டிக்கொள்ளலாம் என்பது அவர்கள் கனவு. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாகப் பெரும் பணம் கொட்டி வாங்கும் சான்றிதழ் அப்போது பொதுச்சொத்து ஆகிவிடும். ராணுவத்தின் மருத்துவப் பொருள் விநியோகத் திட்டம் ஒன்று இதற்கு ஆதரவு தந்தது.

சில மாதங்களில் முடியும் என்று நினைத்த வேலை ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் இழுத்தது. 2006 ஜனவரியில் சான்றிதழ் வந்தது, அதே ஆண்டின் நடுவில் திரும்பப் பெறப்பட்டது, 2007 பிப்ரவரியில் மீண்டும் வந்தது. போட்டி நிறுவனங்களின் ஆட்சேபங்களும் காரணம் என்று முயற்சியை நடத்தியவர்கள் அப்போது சொன்னார்கள்.

மூலநிரலுக்குச் சான்று என்றால் நடைமுறையில் என்ன ஆகும்? நிரல் கணினிக்குக் கணினி மாறிவிடக் கூடாதே. அதற்காக ஒவ்வொரு கோப்பின் கைரேகையும் குறிக்கப்பட்டது. அதைக் கட்ட வேண்டிய கட்டளைகள் ஆவணத்தில் அச்சிடப்பட்டன: கான்ஃபிக், மேக், மேக் இன்ஸ்டால். அவ்வளவுதான். கான்ஃபிக் கட்டளையோடு உங்கள் வசதிக்காக ஒரு விருப்பத்தைச் சேர்த்துத் தட்டினாலும் விளைவது சான்று பெற்ற நிரல் அன்று. நிரலில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் அப்படியே. திறமூலத்தின் ஆதாரமான உரிமை மாற்றும் உரிமை. சான்று பெறும்போது முதலில் துறக்க வேண்டியது அந்த உரிமையைத்தான்.

இதன் விளைவு 2013 டிசம்பரில் வெளிப்பட்டது. டூயல் ஈசி என்பது சமவாய்ப்பு எண்களை உருவாக்கும் ஒரு முறை. அமெரிக்க அரசின் தரநிர்ணயத்தில் அதற்கு இடமிருந்தது. அதில் ரகசியக் கதவு வைக்க முடியும் என்று 2007-லேயே மைக்ரோசாஃப்டில் இருந்த இரு வல்லுநர்கள் காட்டியிருந்தார்கள். 2013 செப்டம்பரில், அமெரிக்க உளவுத் துறையிலிருந்து ஸ்னோடன் வெளிக்கொணர்ந்த ஆவணங்கள் அந்தச் சந்தேகத்தை வலுப்படுத்தின. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் சான்று பெற்ற தொகுதியிலும் அந்த முறை இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அதில் ஒரு பிழை. அந்தப் பகுதி உண்மைப் பயன்பாட்டில் ஓடவே ஓடாது. ஆய்வகத்தின் சோதனைகளிலெல்லாம் தேறி, சான்றிதழும் வாங்கிய பகுதி அது. யாரும் அதுவரை குறை சொல்லாததால் யாரும் அதைப் பயன்படுத்தியதே இல்லை என்பதும் உறுதியாயிற்று. சிறு திருத்தத்தில் சரியாகக்கூடிய பிழைதான். ஆனால் சான்று பெற்ற நிரலில் சிறு திருத்தமும் செலவும் காலமும் பிடிக்கும் மறுபரிசீலனைக்கு இழுத்துச் செல்லும்.

நம் ஊரில் பேருந்துக்கு எஃப்.சி. எடுக்கிறோம். அந்தச் சான்று அவசியம், அதில் ஐயமில்லை. ஆனால் எஃப்.சி. எடுத்த மறுவாரம் பிரேக் பழுதானால் ஒர்க்‌ஷாப்புக்குப் போகத்தான் வேண்டும். பிரேக்கைத் தொட்டால் எஃப்.சி. செல்லாது என்ற விதி இருந்திருந்தால் ஓட்டுநர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் வந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 1.0.1 பதிப்பில், வந்த செய்தியின் நீளத்தைச் சரிபார்க்கத் தவறிய ஒரு பிழை. எதிராளி ஒவ்வொரு முறையும் சர்வரின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை உருவிக்கொள்ளலாம். கடவுச்சொல்லும் போகும், ரகசியச் சாவியும் போகும். சான்று பெற்ற தொகுதிக்குள் அந்தப் பிழை இல்லை. சான்றிதழ் வட்டத்துக்கு வெளியே, அதைச் சுற்றியிருந்த நிரலில் இருந்தது. ஆகவே ஒரு சர்வர் சான்றிதழ் விதிகளுக்கு முழுதும் உட்பட்டிருந்தபடியே ஒழுகிக்கொண்டிருக்கலாம்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹார்ட்பிளீட் பழைய 0.9.8 பதிப்பைத் தாக்கவில்லை. புதிய பதிப்புக்கு அனுமதி கிடைக்காமல் பழையதிலேயே இருந்தவர்கள் தப்பித்தார்கள். எக்ஸ்இசட் விவகாரத்திலும் அப்படித்தான். நிதானமாகப் பதிப்பு மாற்றும் டெபியன் நிலைப்பதிப்பு, ரெட்ஹாட்டின் நிறுவனப் பதிப்பு ஆகிய லினக்ஸ் வகைகளுக்கு அந்தக் கள்ளவழி போய்ச் சேரவேயில்லை. எனவே தாமதம் முழுவதும் அசட்டுத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். புதிய வசதிகள் காத்திருக்கலாம், காத்திருப்பது நல்லதும்கூட. அறியப்பட்ட ஓட்டையை அடைக்கும் திருத்தம் காத்திருக்கக் கூடாது. பெரும்பாலான அனுமதி நடைமுறைகள் இந்த இரண்டையும் ஒரே வரிசையில் நிற்கவைக்கின்றன. என் வருத்தமெல்லாம் அந்த ஒற்றை வரிசை மேல்தான்.

2021 டிசம்பர் இதைக் கண்முன் காட்டியது. ஜாவா நிரல்களில் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் லாக்4ஜே நூலகத்தில், தொலைவிலிருந்தே கணினியைக் கைப்பற்ற விடும் ஓட்டை அம்மாதம் 9, 10 தேதிகளில் பகிரங்கமானது. தன்னார்வலர்கள் இரவு பகலாக உட்கார்ந்து 2.15.0 வெளியிட்டார்கள். அது முழுத் தீர்வாக இல்லை. அடுத்து 2.16.0, பிறகு 2.17.0, மாதம் முடிவதற்குள் 2.17.1. மூன்று வாரத்தில் நான்கு வெளியீடுகள். ஒரு பதிப்பை அங்கீகரிக்க மூன்று மாதம் எடுக்கும் அலுவலகம் இதை எப்படிச் சமாளிக்கும்? அதைவிடப் பெரிய சிக்கல், லாக்4ஜே தங்களிடம் இருக்கிறதா என்பதே பலருக்குத் தெரியவில்லை. விலைக்கு வாங்கிய மென்பொருள்களின் வயிற்றுக்குள் அது இருந்தது. திறமூலத்தை அனுமதிப்பதில்லை என்று இறுமாந்திருந்த இடங்களிலும் இருந்தது.

மருந்துப் பெட்டியில் அச்சிடுவதைப்போல ஒரு மென்பொருளுக்குள் என்னென்ன இருக்கின்றன என்ற உட்பொருள் பட்டியலை அரசுகள் கேட்கத் தொடங்கியிருப்பது இதனால்தான். அமெரிக்க அதிபரின் 2021 மே ஆணை அதைத் தொடங்கிவைத்தது. நம் நாட்டின் செர்ட்-இன் அமைப்பு 2024 அக்டோபரில் இதற்கான தொழில்நுட்ப வழிகாட்டுதலை வெளியிட்டது. பட்டியல் நல்லது. ஆனால் கோப்பில் போட்டு மூடிவைத்த பட்டியலால் பயனில்லை. புதிய ஓட்டை அறிவிக்கப்படும் ஒவ்வொரு நாளும் அதை எடுத்துத் தேடும் ஆள் வேண்டும்.

மாற்று வழிகள் உருவாகிவருகின்றன. அமெரிக்க விமானப்படை தொடங்கிய அயர்ன் பேங்க் என்ற களஞ்சியத்தில் திறமூல மென்பொருள்கள் தயார் நிலைப் பொதிகளாக வைக்கப்பட்டு, தொடர்ந்து மறுபடி கட்டப்பட்டு, சோதிக்கப்படுகின்றன. எந்தக் குறை மிச்சமிருக்கிறது, ஏன் விட்டுவைத்தோம் என்ற விளக்கமும் அங்கேயே பதிவாகிறது. ஓர் அலுவலகம் செய்த சோதனையை இன்னொரு அலுவலகம் முதலிலிருந்து செய்ய வேண்டியதில்லை. 2022 பிப்ரவரியில் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை, ஒருமுறை தரும் அனுமதிக்குப் பதிலாகத் தொடர்கண்காணிப்பின் பேரில் நிலைக்கும் அனுமதிக்கு நெறிமுறை வகுத்தது.

ஓப்பன்எஸ்எஸ்எல் குழு எடுத்த வழி எனக்கு இன்னும் பிடித்தது. 2021 செப்டம்பரில் வந்த 3.0 பதிப்பில் சான்றிதழுக்குரிய பகுதியைத் தனித் தொகுதியாகப் பிரித்தெடுத்து வைத்தார்கள். 2022 ஆகஸ்டில் அதற்குச் சான்று கிடைத்தது. இப்போது அந்தத் தொகுதி அசையாமல் இருக்க, சுற்றியுள்ள நிரலை ஓட்டை தெரிந்த அன்றே திருத்தலாம். ஹார்ட்பிளீட் போன்ற பிழை நாளை வந்தால் சான்றிதழைத் தொடாமலேயே அடைக்க முடியும். எதை உறையவைக்க வேண்டும், எதை ஓடவிட வேண்டும் என்பதை நிரலின் அமைப்பிலேயே தீர்மானித்த வேலை இது. மாணவ நண்பர்கள் அந்த வடிவமைப்பு ஆவணங்களை ஊன்றிப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நம் நாட்டுக்கு வருகிறேன். அரசு மென்பொருள்களில் திறமூலத்துக்கே முன்னுரிமை என்ற மத்திய அரசின் கொள்கை 2015-இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2007-இல், சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸை உருவாக்கி வெளியிட்டிருந்தது. 2023-இல் பாதுகாப்பு அமைச்சகம் தன் கணினிகளை உபுண்டுவின் அடிப்படையிலான மாயா இயங்குதளத்துக்கு மாற்றத் தொடங்கிய செய்தியை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். இவை பெருமைக்குரியவை. ஆனால் நம் பெயர் சூட்டிய பிறகும், திருத்தங்கள் பிறக்குமிடம் டெபியனும் உபுண்டுவும்தான். டெபியன் குழு ஓர் ஓட்டையை அடைத்த நாளுக்கும், அந்தத் திருத்தம் நம் மூடிய வலையமைப்பிலுள்ள கடைசிக் கணினியில் ஏறிய நாளுக்கும் இடையே எத்தனை நாள்? ஒவ்வொரு துறையும் தனக்குள்ளாவது அந்த எண்ணை மாதாமாதம் எழுதிவைக்க வேண்டும். நம் பாதுகாப்பின் அளவு அந்த எண்தான்.

கடைசியாகப் பணம். ஹார்ட்பிளீட் வந்தபோது ஸ்டீவ் மார்க்வெஸ் ஓர் உண்மையை வெளியே சொன்னார். சான்றிதழ் முயற்சிகளை முன்னின்று நடத்தி, ஓப்பன்எஸ்எஸ்எல் அறக்கட்டளையையும் கவனித்துக்கொண்டவர் அவர். உலகமே பயன்படுத்தும் அந்த மென்பொருளுக்கு ஆண்டுதோறும் வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர். முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர். சான்றிதழ் வேலைக்கும் ஆதரவு ஒப்பந்தங்களுக்கும் பணம் தர ஆட்கள் இருந்தார்கள், நிரலைப் படித்துப் பிழை பார்க்கும் வேலைக்குத் தர ஆளில்லை. எக்ஸ்இசட் நிரலையும் ஒருவர் ஊதியமின்றித் தனியாகவே சுமந்தார். அவர் களைத்திருந்த நேரம் பார்த்துத்தான் ஜியா டான் உதவிக்கரம் நீட்டினார்.

யாரைக் கூப்பிடுவது என்று அதிகாரி கேட்ட கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. கூப்பிட ஆள் வேண்டுமென்றால் அந்த ஆளை நாம் வைத்துக்கொள்ள வேண்டும். ஜெர்மனி அரசு 2022-இல் இதற்கென்றே ஒரு நிதியத்தைத் தொடங்கி, லாக்4ஜே உள்ளிட்ட அடிப்படை மென்பொருள்களின் பராமரிப்பாளர்களுக்கு நேரடியாகப் பணம் தருகிறது. நம்மிடம் அவ்வளவு பெரிய ஏற்பாடு உடனே வராது போகலாம். அனுமதிக் கோப்பில் ஒரு பத்தியைச் சேர்ப்பது உடனே முடியும்: இந்த நிரலை இப்போது பராமரிப்பவர் யார், எத்தனை பேர், அவர்கள் நிறுத்திவிட்டால் நம்மில் எவர் அதைப் படித்துத் திருத்துவார் என்று. அந்தக் கடைசிக் கேள்விக்கு எழுத ஒரு பெயர் வேண்டுமல்லவா? அதற்காக, மூடிய வலையமைப்பு வைத்திருக்கும் ஒவ்வொரு துறையும் தன் மென்பொருள் பராமரிப்புச் செலவில் ஒரு பங்கை ஒதுக்கி, தான் சார்ந்திருக்கும் திறமூல நிரல்களைப் படிப்பதையும் திருத்தங்களை அவற்றின் மூலக் குழுக்களுக்கே அனுப்புவதையும் முழுநேர வேலையாகச் செய்யும் பொறியாளர்களை நியமிக்க வேண்டும். பணியிடங்கள் நிரந்தரமானவையாக இருக்க வேண்டும், ஒப்பந்தக்காரரிடம் விடக் கூடாது. இந்தக் கோரிக்கையை இந்த அவையின் வழியாக அரசின் முன் வைக்கிறேன்.